இரண்டு விமானங்களுக்கு நடுவே ஓர் இரவு: நிலையத்திலேயே தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

இரவு பதினொரு மணிக்கு ஒரு விமானம் இறக்கிவிடுகிறது. அடுத்தது காலை ஆறரைக்கு. நடுவே ஏழரை மணி நேரம். ஹோட்டலுக்குப் போகலாம் என்றால், குடிவரவு வரிசை, ஊருக்குள் போகும் பயணம், அறைச் சாவி வாங்குவது, மூன்று மணிக்கே எழுந்து திரும்புவது என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு படுக்கையில் கிடைப்பது இரண்டரை மணி நேரம். நிலையத்திலேயே படுத்துவிடலாம் என்று முடிவெடுப்பதில் தவறில்லை.

ஆனால் இந்த முடிவை எடுத்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது கழுத்துத் தலையணையை. இரவு கெடுவது தலையணை இல்லாததால் அல்ல. நள்ளிரவில் முனையத்தைப் பூட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். பெட்டி தவறான பக்கத்தில் வந்து சுற்றிக்கொண்டிருக்கும். விசா இல்லாததால் போக வேண்டிய பக்கம் போக முடியாது. இந்த மூன்றும் டிக்கெட் போடும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறவை. அதனால் வழிகாட்டியின் முதல் பாதி வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. தரையில் துண்டு விரிப்பது பிறகு.

கோட்டுக்கு எந்தப் பக்கம்?

எந்த விமான நிலையத்தையும் ஒரு கோடு இரண்டாகப் பிரிக்கிறது. பாதுகாப்புச் சோதனையும் பாஸ்போர்ட் சோதனையும் நடக்கும் இடம்தான் அந்தக் கோடு. அதற்கு உள்ளே இருப்பது ஏர்சைடு: கேட்டுகள், டிரான்சிட் கூடம், சுங்கத் தீர்வையில்லாக் கடைகள். வெளியே இருப்பது லேண்ட்சைடு: செக்-இன் கவுண்டர்கள், வருகைக் கூடம், வழியனுப்ப வந்தவர்கள்.

இரவைக் கழிக்க ஏர்சைடுதான் நல்லது. அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் சோதனை முடித்த பயணிகள், வேலையாட்கள். நாற்காலிகள் அதிகம், கழிப்பறையும் குடிநீரும் பக்கத்தில். காலையில் எழுந்து கேட்டுக்கு நடந்தால் போதும். லேண்ட்சைடில் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம். காவலர்கள் இரவில் தட்டி எழுப்பி டிக்கெட் கேட்பதும் உண்டு. செக்-இன் கவுண்டர் பொதுவாக விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டியோடு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஏர்சைடில் தங்க மூன்று விஷயம் ஒருசேர அமைய வேண்டும். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் இருக்க வேண்டும். செக்-இன் செய்த பெட்டி கடைசி ஊர்வரை டேக் ஆகியிருக்க வேண்டும். அந்த முனையத்தின் டிரான்சிட் பகுதி இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கோட்டைத் தாண்டி வெளியே வர வேண்டிவரும். அப்போதுதான் விசா என்ற கேள்வி முளைக்கிறது.

விசா: உள்ளேயே இருந்தாலும் சில இடங்களில் தேவை

“நான் வெளியே போகப் போவதில்லை, எனக்கு எதற்கு விசா?” என்பது நியாயமான கேள்விதான். சில நாடுகளில் அது செல்லாது.

அமெரிக்காவில் வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மாறுகிறவர்களுக்கென்று தனி டிரான்சிட் பகுதி கிடையாது. ஐரோப்பாவிலிருந்து மெக்சிகோ போகிற வழியில் நியூயார்க்கில் மாறினாலும் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஆகவே டிரான்சிட் விசாவான சி-1, அல்லது செல்லுபடியாகும் வேறு விசா அல்லது விசா விலக்கு அனுமதி கட்டாயம்.

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, சில நாட்டவர் டிரான்சிட் கூடத்தைவிட்டு நகராவிட்டாலும் விமான நிலைய டிரான்சிட் விசா வாங்க வேண்டும். இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட 12 நாடுகளுக்கு இது ஷெங்கன் முழுவதற்கும் பொது. இதுபோக ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு வேறு சில நாடுகளைச் சேர்த்து வைத்திருக்கும். இரண்டாவது பொறி இன்னும் நுணுக்கமானது. வழியில் இரண்டு ஷெங்கன் நிலையங்களில் மாறுகிறீர்கள் என்று வையுங்கள், முதலில் ஃபிராங்க்ஃபர்ட், பிறகு லிஸ்பன். ஃபிராங்க்ஃபர்ட் – லிஸ்பன் பயணம் உள்நாட்டுப் பயணம் போலத்தான் கணக்கு. ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே பாஸ்போர்ட் சோதனை. அதற்கு டிரான்சிட் விசா போதாது, முழு ஷெங்கன் விசா வேண்டும்.

பிரிட்டனிலும் இரண்டு வகை உண்டு. குடிவரவைத் தாண்டாமல் மாறுவதற்கு ஒரு விசா, தாண்டி வெளியே வந்து மாறுவதற்கு இன்னொன்று. இரவு மூடும் முனையத்தில் மாட்டிக்கொண்டால் முதல் வகை உதவாது.

விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியர் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவதா வேண்டாமா என்று சொல்வார். அதில் “விசா தேவை” என்று வந்துவிட்டால் கெஞ்சிப் பயனில்லை, கிளம்பும் ஊரிலேயே பயணம் முடிந்துவிடும். பல விமான நிறுவனங்களின் இணையதளங்களில் இதே தகவலைப் பயணியே பார்க்க வசதி உண்டு. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள், பிறகு அல்ல. காகிதம் இல்லாமல் கோட்டுக்கு நடுவே மாட்டுவதன் உச்சம் மெஹ்ரான் கரிமி நாசேரியின் கதை. ஈரானில் பிறந்த அவர் பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்தின் 1ஆம் முனையத்தில் 1988 முதல் 2006 வரை வாழ்ந்தார். உங்களுக்கு ஒரே ஒரு இரவு போதும்.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. வராத பயணி என்று பெயரை அடித்துவிடும். தனி டிக்கெட்டில் பெட்டியும் பெரும்பாலும் நடுவழியிலேயே இறங்கும். எடுத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் விசா. இந்த மூன்று சங்கிலியும் ஒன்றையொன்று இழுப்பதைக் கவனியுங்கள்.

ஒரே டிக்கெட் என்றாலும் பெட்டி தானாகப் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் இருந்தால் அது டிரான்சிட், அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். ஸ்டாப்ஓவர் என்றால் பெட்டியை நடுவிலேயே எடுக்கச் சொல்வார்கள். 24 மணிக்குள் இருந்தாலும் இரவைத் தாண்டுகிற மாற்றத்துக்குக் கடைசிவரை டேக் போடாத நிறுவனங்கள் உண்டு. அதனால் கிளம்பும் ஊரின் கவுண்டரில் இரண்டு காரியம் செய்யுங்கள். “பெட்டி எதுவரை போகிறது?” என்று வாயால் கேளுங்கள். பிறகு பெட்டியில் சுற்றிய டேக்கில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு கடைசி ஊருடையதா என்று கண்ணால் பாருங்கள். உங்களிடம் தரும் சின்னத் துண்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இரண்டு போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தனி டிக்கெட்தான் என்றால் பெட்டியே இல்லாமல், கைப்பையோடு மட்டும் போக முடியுமா என்று யோசியுங்கள். போர்டிங் பாஸைக் கைபேசியில் எடுக்க முடிந்தால், பல நிலையங்களில் டிரான்சிட் வழியாகவே உள்ளே தங்கிவிடலாம்.

தரையில் படுப்பதற்கு முன் ஒரு கேள்வி

ஹோட்டல் இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டீர்களா? கேட்காததால் மட்டுமே நாற்காலியில் கிடப்பவர்கள் அதிகம்.

இணைப்பு நேரம் நீளமாக இருப்பது உங்கள் தேர்வு அல்ல, அந்த நிறுவனத்திடம் அதைவிடக் குறுகிய இணைப்பே இல்லை என்றால் சில நிறுவனங்கள் தம் செலவில் அறை தருகின்றன. துறைக்குள் இதை எஸ்டிபிசி என்பார்கள். எமிரேட்ஸின் துபாய் கனெக்ட் அப்படி ஒன்று. டர்க்கிஷ் ஏர்லைன்ஸும் இஸ்தான்புல்லில் நீண்ட இணைப்புக்கு அறை தருகிறது. எத்தனை மணி நேரத்துக்கு மேல், எந்த வகை டிக்கெட்டுக்கு என்ற நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் முன்கூட்டியே பதிய வேண்டும், அங்கே போய்க் கேட்டால் நேரம் கடந்துவிட்டது என்பார்கள்.

நிறுவனத்தின் தவறாலோ வானிலையாலோ விமானம் ரத்தாகி இரவு தங்க நேர்ந்தால் அது வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஒன்றியத்து நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அங்கே வந்து சேரும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் சாப்பாடு, அறை, அறைக்குப் போக வர வாகனம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. காரணம் புயலே ஆனாலும் அறை தர வேண்டும். இழப்பீட்டுத் தொகைக்குத்தான் விலக்கு உண்டு, தங்கவைப்பதற்கு இல்லை. கவுண்டரில் இந்த இரண்டையும் குழப்பிப் பதில் சொல்பவர்கள் உண்டு. எழுத்தில் கேளுங்கள், ரசீதுகளை வைத்திருங்கள்.

முனையம் தூங்கப் போகுமா?

இரவு முழுக்க விமானம் ஓடும் பெரிய இணைப்பு நிலையங்களில் இந்தக் கவலை இல்லை. சிங்கப்பூர் சாங்கி, தோஹா ஹமத், துபாய், இஸ்தான்புல் எல்லாம் விடிய விடிய விழித்திருக்கும். சாங்கியின் டிரான்சிட் பகுதியில் சாய்ந்து படுக்க இலவச ஓய்விடங்களே வைத்திருக்கிறார்கள். தோஹாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைதி அறைகள் இருக்கின்றன.

லண்டன் சிட்டி போன்ற சிறிய நிலையங்கள் இரவில் கதவையே பூட்டிவிடும். இவற்றில் தங்கும் பேச்சுக்கே இடமில்லை.

சிக்கல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் வகையில்தான். இங்கே கட்டடம் திறந்திருக்கும், விமானங்கள் ஓடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானங்களுக்குத் தடை. சிட்னியில் 11 முதல் 6 வரை. இப்படிப்பட்ட நிலையங்களில் கடைசி விமானம் போனதும் பாதுகாப்புச் சோதனைச் சாவடி மூடிவிடும், சிலவற்றில் ஏர்சைடில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். “24 மணி நேரமும் திறந்திருக்கும்” என்று இணையதளத்தில் போட்டிருந்தால் அது எந்தப் பகுதி என்று பாருங்கள். பெரும்பாலும் அது லேண்ட்சைடு வருகைக் கூடமாக இருக்கும்.

ஆகவே நிலையத்தின் இணையதளத்தில் நான்கு நேரங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: முனையம் மூடும் நேரம், சோதனைச் சாவடி இயங்கும் நேரம், முனையங்களுக்கு இடையே ஓடும் ரயில் அல்லது பேருந்தின் இரவு நேரம், கடைசியாக மூடும் சாப்பாட்டுக் கடையின் நேரம். இணையதளத்தில் கிடைக்காவிட்டால் நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள். நேரான பதில் கிடைக்காத நிலையத்தில் தங்கத் திட்டமிடாமல் இருப்பதே மேல்.

காசு கொடுத்துப் படுக்க நிலையத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. மூனிக்கின் 2ஆம் முனையத்தில் நாப்கேப்ஸ் என்ற பெட்டி அறைகள், ஆம்ஸ்டர்டாமிலும் இஸ்தான்புல்லிலும் யோட்டல்ஏர், துபாயில் ஸ்லீப் அண்ட் ஃப்ளை, டோக்கியோவின் நரிட்டாவில் நைன் அவர்ஸ் கேப்சூல் விடுதி. பதியும்போது அறை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க மறக்காதீர்கள். நரிட்டா கேப்சூல் லேண்ட்சைடில் இருக்கிறது, குடிவரவைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. லவுஞ்சை முழு இரவுக்கு நம்ப வேண்டாம். பல லவுஞ்சுகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை, சில இரவில் மூடிவிடும். லவுஞ்ச் அனுமதி ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால் அதைக் காலையில் பயன்படுத்துங்கள். குளியல், சூடான சாப்பாடு இரண்டும் விமானத்துக்கு முன்புதான் அதிகம் உதவும்.

கைப்பையில் என்ன

செக்-இன் பெட்டி காலைவரை உங்கள் கைக்கு வராது. இரவுக்குத் தேவையானது எல்லாம் தோளில் இருக்க வேண்டும்.

முதல் எதிரி குளிர். ஆயிரக்கணக்கானவர்கள் நடமாடுவதற்கென்று அமைத்த ஏசி, கூட்டம் வடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அசையாமல் படுத்திருக்கும் உடம்புக்கு அது குளிராகத்தான் தெரியும். வெப்ப நாட்டு நிலையம்தானே என்று மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள்தான் இரண்டு மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்குகிறார்கள். கம்பளிச் சட்டை ஒன்று, கனமான காலுறை ஒரு ஜோடி, காதை மூடும் குல்லா, போர்வைக்கும் விரிப்புக்கும் ஆகிற பெரிய சால்வை. இவ்வளவு போதும்.

இரண்டாவது, அடியில் போட ஏதாவது. டைல்ஸ் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், மேலே எத்தனை போர்த்தினாலும் பயனில்லை. நான்காக மடியும் நுரைப் பாய் அல்லது காற்றடைக்கும் மெத்தை இருந்தால் நல்லது. இல்லையென்றால் கனமான துணியைக் கீழே போடுங்கள், மெல்லியதை மேலே. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கண்மூடியும் காதடைப்பானும் அவசியம், ஏனென்றால் விளக்குகளை யாரும் அணைக்கப் போவதில்லை. நுரைக் காதடைப்பானை அப்படியே அழுத்தினால் அரைகுறையாக நிற்கும். விரல்களுக்கு நடுவே மெல்லிய திரி போல உருட்டுங்கள். மறுகையால் காதின் மேல்விளிம்பைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். இரைச்சல் சட்டென்று தள்ளிப்போனது போல இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே, செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் எடுத்துப்போக முடியாது. 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடுவதைத் தடைசெய்திருக்கின்றன. ஆகவே கைபேசியை இரவிலேயே நிரப்பிவிடுங்கள். எல்லா வகைத் துளைக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றும் இரண்டு மீட்டர் கேபிளும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல இடமும் பிளக்கும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலித் தண்ணீர் பாட்டில். இரண்டு நாளுக்கான மருந்து, மருந்துச் சீட்டோடு. பல்துலக்கி, 100 மில்லிக்குக் குறைந்த குழாயில் பற்பசை. ஈரத் துடைப்பான். மாற்று உள்ளாடை. ஒரு பேனா. நீரிழிவுக்காரர்கள் இன்சுலினையும், சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஏதாவதையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று மணிக்குக் கடை திறந்திருக்காது.

இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம்

1. கூட்டத்தோடு வெளியேறும் வழிக்குப் போய்விடாதீர்கள். “டிரான்ஸ்ஃபர்” அல்லது “கனெக்டிங் ஃப்ளைட்ஸ்” பலகையைப் பின்தொடருங்கள். வருகைப் பக்கக் குடிவரவைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது.

2. இரண்டாவது போர்டிங் பாஸ் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் இப்போதே வாங்குங்கள். நள்ளிரவுக்கு மேல் அங்கே ஆள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெட்டியின் டேக் துண்டையும் காட்டி உறுதிசெய்யுங்கள்.

3. அடுத்த விமானம் கிளம்பும் முனையத்துக்கு இரவே போய்விடுங்கள். டிரான்ஸ்ஃபரில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரும். பாட்டில் தண்ணீரை அதற்கு முன் கொட்டிவிட்டு, தாண்டியதும் நிரப்புங்கள். சுங்கத் தீர்வையில்லாக் கடையில் வாங்கிய திரவம் முத்திரையிட்ட பையிலேயே இருக்கட்டும். அதைப் பிரித்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.

4. கடை மூடுவதற்குள் சாப்பிட்டு, காலைக்கு ஏதாவது வாங்கிவையுங்கள்.

5. வைஃபையை இணைத்துவிடுங்கள். குறுஞ்செய்தியில் எண் வந்தால்தான் இணையும் என்றால் ரோமிங் இல்லாத சிம்மில் அது வராது. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து கடவுச்சொல் தரும் இயந்திரம் இருக்கிறதா பாருங்கள், அல்லது தகவல் மேசையில் கேளுங்கள். போர்டிங் பாஸையும் ஹோட்டல் முகவரியையும் படமாக எடுத்து வைத்தால் வைஃபையே வேண்டாம்.

6. பல் துலக்கி, லென்ஸ் கழற்றி, உடை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகுதான் இடம் தேடுவது.

இடம் பார்ப்பது

முனையத்தை ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். பத்து நிமிட நடை ஐந்து மணி நேரத் தூக்கத்தைத் தீர்மானிக்கும். முதலில் தேட வேண்டியது கைப்பிடி இல்லாத நாற்காலி வரிசை. மனிதர்கள் படுக்கக் கூடாது என்றே நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைக்கிறார்கள், ஆனால் எல்லா மூலைக்கும் அந்த அக்கறை எட்டுவதில்லை. பழைய கேட்டுகள், நடைபாதையின் கடைசி, இரண்டு முனையங்களை இணைக்கும் பகுதி இங்கெல்லாம் தப்பிப் பிழைத்திருக்கும். அடுத்தது, கம்பளம் விரித்த தரை.

காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று உங்கள் கேட்டிலேயே படுக்காதீர்கள். இரவில் திரையில் கேட் எண்ணே வந்திருக்காது, வந்தாலும் மாறலாம். திரையில் பாருங்கள்: அடுத்த ஆறு மணி நேரத்தில் எந்தக் கேட்டிலிருந்து விமானமே இல்லையோ அதுதான் அமைதியான கேட். சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். அங்கே கேட்டுக்குள் இரவில் போகவே முடியாது, கேட்டுக்கு வெளியேதான் இடம் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை: அறிவிப்பு ஒலிபெருக்கிக்கு நேர்கீழ், ஏசி காற்று இறங்கும் துளை, கழிப்பறை வாசல், நகரும் நடைபாதையின் முனை (“கவனம்” என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருக்கும்), தானாகத் திறக்கும் கதவு. பெரிய கூடங்களின் நடுத்தரையில் படுத்தால் துப்புரவு இயந்திரம் வந்து எழுப்பும். அவர்கள் வேலை செய்ய இருக்கும் ஒரே நேரம் அதுதான், முறைத்துப் பயனில்லை. சுவரோரம் படுங்கள். வழிபாட்டு அறை சத்தமில்லாமல் இருக்கும்தான், ஆனால் அது படுக்கிற இடமல்ல. குழந்தைக்குப் பாலூட்டும் அறையும் அப்படியே.

லேண்ட்சைடில்தான் தங்க வேண்டும் என்றால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி விமானத்துப் பயணிகள் போனபின் வருகைக் கூடம் அடங்கிவிடும், புறப்பாட்டுக் கூடமோ அதிகாலை மூன்று மணிக்கே காலை விமானக் கூட்டத்தால் நிரம்பத் தொடங்கும். ஆகவே வருகைக் கூடத்தில் படுங்கள்.

படுக்கை

தரையில் என்றால் சுவரோடு ஒட்டி, தலை சுவர்ப்பக்கம். முதுகுப்பை தலைக்கு, பாதி காலி செய்தால் தலையணை உயரம் வரும். பக்கவாட்டில் படுத்து முழங்காலுக்கு நடுவே சட்டையை மடித்து வைத்தால் இடுப்பு வலி குறையும்.

நாற்காலியில்தான் என்றால் காலைத் தொங்கவிட்டு ஐந்து மணி நேரம் உட்காராதீர்கள். ஏற்கெனவே விமானத்தில் உட்கார்ந்து வந்த கால், இன்னும் வீங்கும். ஷூ நாடாவைத் தளர்த்தி, பெட்டியின் மேலோ எதிர் நாற்காலியிலோ காலைத் தூக்கி வையுங்கள். முழிப்பு வரும்போதெல்லாம் ஐந்து நிமிடம் நடங்கள். காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்படி இரவைக் கழிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும், நாற்காலியில் சேமிக்கிற காசு அதற்கு ஈடல்ல. மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், நடு இரவில் கலைந்தும் விடும். தாகமும் சேரும்.

பொருள்கள்

பாஸ்போர்ட், பணம், கார்டு மூன்றும் உடம்போடு ஒட்டி, உடைக்குள். சட்டைப்பை போதாது. பையின் வாரை கை அல்லது காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஜிப் வாய் சுவரைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். இரண்டு பை இருந்தால் வார்களை ஒன்றோடொன்று மாட்டிவிடுங்கள். இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும், திருடுகிறவருக்கு அது தொல்லை.

கைபேசியைச் சுவர்ப் பிளக்கில் விட்டுத் தூங்குவதுதான் அதிகம் நடக்கிற தவறு. விழித்திருக்கும்போது பவர் பேங்கைச் சுவரில் நிரப்புங்கள், தூங்கும்போது பவர் பேங்கோடு கைபேசியைச் சால்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்குப் போகும்போது இடம் பறிபோகும் என்று பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆளில்லாத பை பாதுகாப்புப் பிரிவுக்கு ஆபத்தான பொருள், எடுத்துப்போய்விடுவார்கள், அந்தப் பகுதியையே காலிசெய்யவும் கூடும். வேண்டுமானால் சால்வையை மட்டும் விட்டுப் போகலாம். இன்னொருவர் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பை தந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் சரி.

காவலர் எழுப்பினால் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடியும். கைபேசி அணைந்திருந்தால் காட்ட முடியாது, அதற்காகத்தான் காகிதப் பிரதி.

தனியாக வரும் பெண்கள், குழந்தைகள், மூத்தவர்கள்

தனியாகத் தங்கும் பெண்களுக்கு அமைதியைவிட வெளிச்சம் முக்கியம். ஆளில்லாக் கடைசி கேட்டைவிட, தகவல் மேசையோ கேமராவோ கண்ணில் படும் இடமும், குடும்பங்கள் படுத்திருக்கும் இடத்துக்கு அருகிலும் நல்லது. யாராவது தொந்தரவாகத் தோன்றினால் பேச்சு வளர்க்காமல் எழுந்து ஊழியர் இருக்கும் பக்கம் போய்விடுங்கள்.

குழந்தைகளோடு வந்தால் பெரியவர்கள் முறைவைத்துத் தூங்குங்கள். தள்ளுவண்டியைச் செக்-இன் செய்யும்போது அது நடுவழி நிலையத்தில் கைக்கு வருமா, கடைசி ஊரில்தானா என்று கேளுங்கள். டயப்பர், பால்மாவு எல்லாம் கணக்குக்கு மேல் ஒரு நாள் கூடுதலாக.

சக்கர நாற்காலி உதவி கேட்ட மூத்தவர்களை உதவியாளர் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார். பணிமுறை மாறும்போது அவர்கள் மறந்துபோகப்படுவதும் நடக்கிறது. உதவியை 48 மணி நேரம் முன்பே பதியுங்கள். உட்காரவைக்கும்போதே எத்தனை மணிக்கு யார் வருவார், வராவிட்டால் எந்த மேசையில் கேட்பது என்று எழுதி வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். உண்மையைச் சொன்னால், எழுபது வயதைத் தாண்டியவர்களைத் தரையில் படுக்கவைக்கிற பயணத்தைத் திட்டமிடாமலே இருக்கலாம். அறை எடுங்கள்.

விமானத்தைத் தவறவிடாமல் இருக்க

இரவு முழுக்க நிலையத்தில் இருந்துவிட்டு, நூறு அடி தள்ளிக் கிளம்பிய விமானத்தைத் தூங்கித் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்றிருந்தால் அது 14ஆம் தேதி இரவு. “15ஆம் தேதி ராத்திரிதானே” என்று இருந்தால் 24 மணி நேரம் தாமதம்.

இரண்டாவது கடிகாரம். ஏர்பிளேன் மோடில் விட்ட கைபேசி பழைய ஊர் நேரத்திலேயே நிற்கலாம். முனையத்துத் திரையில் இருக்கும் மணியோடு ஒப்பிட்ட பிறகு அலாரம் வையுங்கள்.

மூன்றாவது அலாரமே. காதில் அடைப்பான், கைபேசி பைக்குள், எங்கே கேட்பது? அதிர்வோடு வைத்து, உடம்போடு ஒட்டி வையுங்கள். அதிரும் கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு அலாரம் வேண்டும், இரண்டாவது வேறொரு கருவியில். பல பெரிய நிலையங்கள் கேட் அறிவிப்புகளைக் கூடம் முழுக்கச் சொல்வதை நிறுத்திவிட்டன, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

எத்தனை மணிக்கு வைப்பது? கேட் பெரும்பாலும் கிளம்புவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே மூடிவிடும். ஏர்சைடில், சரியான முனையத்திலேயே படுத்திருந்தால் புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எழுந்தால் போதும். அமெரிக்கா போகும் விமானமாக இருந்தால் கேட்டில் கூடுதல் சோதனை இருக்கலாம், இரண்டு மணி நேரம் வையுங்கள். லேண்ட்சைடில் என்றால் கவுண்டர் திறக்கும் நேரத்துக்கே எழுந்து வரிசையில் நில்லுங்கள். காலை ஆறு மணி விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சோதனைச் சாவடிக்கு வருவதால், நாளின் நீளமான வரிசைகளில் ஒன்று நான்கரைக்கும் ஆறுக்கும் நடுவே நிற்கும்.

எழுந்ததும் முதலில் திரையைப் பாருங்கள், முகம் கழுவுவது அடுத்தது. கேட் வேறு முனையத்துக்கு மாறியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் தேவைப்படும். பிறகு படுத்த இடத்தை ஒரு முறை குனிந்து பாருங்கள்: நாற்காலிக்கு அடியில் ஒரு காலுறை, பிளக்கில் அடாப்டர், சுவரோரத்தில் கண்ணாடி. அடாப்டரைத்தான் அதிகம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.